கோரஸுக்கு ஆகாத சத்தம்

பண்டமாரான்
3 ஜூன் 2025

கமலநாதன் அவர்களுக்கு,

எழுதுறது உஷாராணி. எந்த உஷாராணின்னு ரொம்ப யோசிக்க வேணாம், அந்தப் பேருல உங்களுக்கு ஒரு பொண்டாட்டிதான் இருந்தா. சௌக்கியமான்னு கேக்கப் போறதில்ல. நல்லாத்தான் இருக்கீங்க, பாத்தேன். பக்கத்து வீட்டு வள்ளியம்மா போனைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோவுல உக்காந்து யாரோ யூடியூப்காரங்க கேக்குற கேள்விக்கெல்லாம் சிரிச்சுச் சிரிச்சுப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. முப்பத்தஞ்சு வருஷ மேடை அனுபவமாம். தலைக்கு மை அடிச்சிருக்கீங்க. அது உங்க இஷ்டம்.

நான் உங்களைப் பாக்கல. உங்க முதுகுக்குப் பின்னால அலமாரி மேல இருந்த சாமானைத்தான் பாத்தேன். அந்தப் பழைய கீபோர்டு, சேம்ப்ளர். மைக்குல எந்தச் சத்தத்தைக் குடுத்தாலும் பிடிச்சு வச்சுக்கிட்டு, கட்டையை அழுத்துனா அதே சத்தத்துல வாசிக்குமே, அந்தப் பொட்டி. சத்தத்தை ஏத்தி வைக்கிற பிளாப்பி டிஸ்கெட்டு எல்லாம் இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்னு அந்த ஆளுகிட்ட பெருமையா சொன்னீங்க.

முப்பது வருஷத்துக்கு முன்ன, அது நம்ம வீட்டுக்கு வந்த அன்னைக்கு நம்ம தாமரைக்கு ரெண்டரை வயசு. என் மடியில உக்காந்திருந்தா. நீங்க மைக்கை அவ வாய்க்கிட்ட பிடிச்சுக்கிட்டு "அப்பா சொல்லு, அப்பா சொல்லு"ன்னீங்க. அவ என்னைத் திரும்பிப் பாத்து "அம்மா"ன்னா. அதைக் கட்டையில வாசிச்சுக் காட்டினீங்க. கீழ்க்கட்டையில கிழவன் மாதிரி இழுத்துச்சு, மேல்கட்டையில கோழிக்குஞ்சு மாதிரி கீச்சுன்னுச்சு. அவ விழுந்து விழுந்து சிரிச்சா, இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தா. அதுக்கப்புறம் ஒரு வருஷம்கூட அவ இருக்கல.

அவ பேசுன ஒரே கேசட்டு என்கிட்ட இருந்துச்சு. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல வெள்ளம் வந்தப்ப போயிடுச்சு. பத்திரமா பீரோ மேலதான் வச்சிருந்தேன், தண்ணி அதுக்கும் மேல வந்துச்சு. இப்ப எனக்கு அவ முகம் வருது, வாய் அசையுது, குரல் மட்டும் வரமாட்டேங்குது. எனக்கு பயமா இருக்கு. அவ குரலை மறந்துட்டு செத்துப் போயிடுவேனோன்னு நெசமாவே பயமா இருக்கு.

எனக்குக் கீபோர்டு வேணாம். அந்த ஒரு வார்த்தையைப் போட்டு, போன்ல பிடிச்சு அனுப்புங்க. வள்ளியம்மா நம்பர் பின்பக்கத்துல எழுதியிருக்கேன். போன் பண்ணிக் கேட்டா என்னன்னு அவளும் கேட்டா. உங்க குரலைக் கேக்க எனக்கு இஷ்டமில்ல. வாட்ஸாப்புல எழுதினா நீலக்கோடு வந்துச்சா, வரலையான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். உங்களுக்காகக் காத்துக்கிட்டு உக்காருற வேலையெல்லாம் நான் போதும் போதும்னு செஞ்சாச்சு.

உஷாராணி

பிரிக்பீல்ட்ஸ்
15 ஜூன் 2025

உஷாவுக்கு,

கடிதாசி கிடைச்சது. தபால்காரரு கையில குடுத்தப்ப ஏதோ வரி பாக்கின்னு நினைச்சுட்டேன். இந்தக் காலத்துல யாரு ஸ்டாம்ப் ஒட்டுறாங்க லா? கையெழுத்தைப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. போர்ட்டுல கன்டெய்னர் பேப்பர் எழுதி எழுதி உன் எழுத்து இன்னும் முத்து முத்தாத்தான் இருக்கு. மனசு மாதிரி கையெழுத்து இருந்தா தபால்காரருக்குப் படிக்க முடிஞ்சிருக்காது.

தலைக்கு மை அடிச்சது உண்மைதான். மேடையில நிக்கிறவன் அடிக்கத்தான் வேணும்.

டிஸ்கெட் இருக்கு. நீல டிஸ்கெட், மேல "தாமரை"ன்னு என் கையால எழுதியிருக்கேன். போன வாரம்கூடப் போட்டுப் பாத்தேன், அருமையா ஓடுது. ஆனா உனக்கு எதுக்காகக் குடுக்கணும்னு ஒரு காரணம் சொல்லு. எழவு வீட்டுல, பிள்ளையைக் கிடத்தியிருக்கிற இடத்துல, என் மியூசிக் குருப்பு ஆளுங்க அத்தனை பேர் முன்னால நீ செருப்பை எடுத்து என்னை அடிச்சே. எனக்கும் அது பிள்ளைதான். நான் அழக்கூட இல்ல, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மறுநாள் என் சட்டையெல்லாம் ஒரு மூட்டையா ரோட்டோரத்துல கிடந்துச்சு. பக்கத்து வீட்டு சபாபதி பாவம்னு எடுத்துக் குடுத்தான். அதையெல்லாம் நான் மறந்திருப்பேன்னு நினைச்சியா?

யோசிச்சுச் சொல்றேன்.

கமல்

பண்டமாரான்
22 ஜூன் 2025

கமலநாதன் அவர்களுக்கு,

செருப்பால அடிச்சது நெசம். அதுக்காக இன்னைக்கு வரைக்கும் நான் வருத்தப்பட்டதில்ல. ஆனா இப்ப சண்டை போட நான் எழுதல. போட்டுப் பாத்தேன், அருமையா ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த வரியை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியல. அவ குரல் இந்த உலகத்துல எங்கயோ ஒரு பொட்டிக்குள்ள இன்னும் இருக்குன்னு தெரிஞ்சதும் எனக்கு சோறு இறங்கல.

காரணம் சொல்லச் சொன்னீங்க. நான் அவ அம்மா. வேற காரணம் என்கிட்ட இல்ல.

என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுறேன். கால்ல விழணும்னாலும் பிரிக்பீல்ட்ஸ் வந்து விழுறேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க.

உஷாராணி

பிரிக்பீல்ட்ஸ்
1 ஜூலை 2025

உஷா,

கால்ல எல்லாம் விழ வேணாம், நம்ம ரெண்டு பேருக்கும் முட்டி வலி இருக்குற வயசு. கேட்டதுனால சொல்றேன். எனக்கும் உன்னால ஆகவேண்டிய ஒரு காரியம் இருக்கு.

என் ரெண்டாவது சம்சாரத்து மகன் ரிஷிக்குப் பொண்ணு பாத்திருக்கோம். கிள்ளான்ல நல்ல குடும்பம், பொண்ணு பல் டாக்டர். ரெண்டுக்கும் பிடிச்சுப் போச்சு, ஜாதகமும் சேந்துச்சு. ஆனா நம்ம ஆளுங்க நாலு இடத்துல விசாரிக்காம பொண்ணு குடுப்பாங்களா? விசாரிச்சிருக்காங்க. என் குருப்புல டிரம்ஸ் வாசிச்ச தங்கமணி ஞாபகம் இருக்கா? கோவிட்ல போய்ச் சேந்தான். சாகுறதுக்கு முன்ன ரெண்டு மூணு வருஷமா குடிச்சுட்டுப் போற இடமெல்லாம் உளறியிருக்கான். பிள்ளை வலிப்பு வந்து கிடக்குதுன்னு போன் வந்துச்சாம், நான் மேடையை விட்டு இறங்கலையாம். அது சுத்தி சுத்திப் பொண்ணு வீட்டுக் காதுக்குப் போயிடுச்சு. "பெத்த பிள்ளைக்கே இறங்காதவரு வீட்டுல எம்பொண்ணு எப்படி வாழும்?"னு அந்தம்மா கேக்குறாங்களாம். ரிஷி என்கிட்ட பேசுறதே இல்ல.

செத்தவனைக் கூப்பிட்டுக் கேக்க முடியாது. உயிரோட இருக்குறது நீதான். பொண்ணு வீட்டுக்கு ஒரு கடிதாசி எழுதிக் குடு. அன்னைக்கு நீ எனக்குப் போன் பண்ணவே இல்ல, சாதாரணக் காய்ச்சல்தானேன்னு மாத்திரை குடுத்து வீட்டுலயே வச்சிருந்தே, முத்திப் போனது உனக்கே தெரியல, எனக்கு யாரும் சொல்லவே இல்ல. அவ்வளவுதான். ஒரு பக்கம் போதும். கையெழுத்து போட்டு, அடையாளக் கார்டு ஐசி நம்பரும் போட்டுடு.

எழுதிக் குடுத்தா போன்ல பிடிச்சு அனுப்புற அரைகுறை வேலையெல்லாம் இல்ல, பொட்டியையே டிஸ்கெட்டோட உனக்கே அனுப்பிடறேன். எனக்கு அது இனிமே தேவையில்ல, அதுல இருந்த சத்தமெல்லாம் எப்பவோ லேப்டாப்புல ஏத்தியாச்சு. உனக்கு உன் பிள்ளை, எனக்கு என் பிள்ளை.

கமல்

பண்டமாரான்
9 ஜூலை 2025

டேய் கமலநாதா,

இத்தனை நாளா நீங்க நாங்கன்னு எழுதின என் கையை நானே வெட்டிக்கணும்.

பொய் எழுதணுமா? சரி, முதல்ல நெசத்தைக் கேளு. உனக்குத் தெரியாதது ஒண்ணும் இதுல இல்ல, ஆனாலும் கேளு. அவளுக்குக் காய்ச்சல் வந்து மூணாவது நாள். போகாதேன்னேன். கிள்ளான் டேவான் மண்டபத்துல கல்யாண விருந்து, அட்வான்ஸ் வாங்கியாச்சுன்னே. வேனை விட்டுட்டுப் போன்னேன், சாமானை யாரு தூக்குறதுன்னே. அந்தப் பொட்டியைப் பின் சீட்டுல படுக்க வச்சு, குலுங்கக் கூடாதுன்னு தாமரையோட போர்வையை அடியில மடிச்சுப் போட்டே. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

நீ போய் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளுக்குக் கண்ணு செருகிடுச்சு. அவளை வள்ளியம்மா கையில குடுத்துட்டு சீனன் காப்பிக்கடைக்கு ஓடி, டேவானுக்குப் போன் போட்டேன். தங்கமணிதான் வந்தான். பின்னால உன் வாசிப்பு எனக்குக் கேட்டுச்சு. அவன் போனைக் கீழ வச்சுட்டு உன்கிட்ட ஓடிப்போய் சொல்லிட்டுத் திரும்பி வந்தான். "அக்கா, சொல்லிட்டேன். ரெண்டு பாட்டு முடிச்சுட்டு வரேன்னாரு"ன்னான். அவன் அழுதுக்கிட்டே சொன்னான்.

அப்புறம் சபாபதி போர்ட்டுக்குப் போக வேண்டிய லோரியைத் திருப்பிக்கிட்டு வந்தான். கன்டெய்னர் லோரியில, முன் சீட்டுல, பிள்ளையை மடியில போட்டுக்கிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல லோரி நிக்கிறப்ப என் மடி சில்லுன்னு ஆயிடுச்சு. நீ வந்தப்ப உன் சட்டையில விருந்து வீட்டு ரோஜாப்பூ குத்தியிருந்துச்சு.

தங்கமணி உளறல. அவனாலதான் அதை விழுங்க முடியல. நீ விழுங்கிட்டு ஏப்பம் விட்டே.

எழுத மாட்டேன். போ.

உஷாராணி

பிரிக்பீல்ட்ஸ்
12 ஜூலை 2025

உஷா,

டேய் போட்டு எழுதினதுக்கு சந்தோஷம். நமக்குள்ள மரியாதை கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு.

எழுதாட்டி பரவாயில்ல. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு ஸ்டூடியோவுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். பழைய சாமானையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போக லோரி சொல்லியாச்சு. அந்தப் பொட்டி, கூட இருக்குற டிஸ்கெட்டு, ஒயரு, எல்லாம் அதுல போகுது. குப்பைமேட்டுல யாராச்சும் எடுத்து விக்கலாம், இல்லாட்டி மழையில ஊறலாம். பண்டமாரான் பக்கம் திரும்பச் சொல்றதா, குப்பைமேட்டுக்கே நேரா விடச் சொல்றதான்னு மட்டும் சொல்லு. டிரைவருக்கு வழி சொல்லணும்.

கமல்

பண்டமாரான்
16 ஜூலை 2025

கமலநாதன் அவர்களுக்கு,

பண்டமாரான் பக்கம் திரும்பச் சொல்லுங்க.

நீங்க கேட்டது தனித் தாள்ல இருக்கு. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். அஞ்சாவது தடவை எழுதினதைக் கிழிக்கல. அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் எழுதினேன். அவளுக்குப் புரியும்னு நினைச்சுக்கிட்டேன்.

டிஸ்கெட்டு நனையாம பிளாஸ்டிக்ல சுத்தி அனுப்புங்க.

உஷாராணி

*

மரியாதைக்குரிய பெண் வீட்டாருக்கு,

நான் திரு. கமலநாதனின் முதல் மனைவி உஷாராணி. எங்கள் மகள் தாமரை இறந்த அன்று அவர் நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து நான் மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தேன். அவருக்கு நான் போன் செய்யவில்லை. யார் மூலமும் சொல்லி அனுப்பவில்லை. என்னுடைய கவனக்குறைவால்தான் பிள்ளை இறந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில் பழியை அவர் மேல் போட்டேன். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உஷாராணி

பிரிக்பீல்ட்ஸ்
20 ஆகஸ்ட் 2025

உஷா,

சொன்ன வாக்கு தவற மாட்டேன், பாத்துக்கோ. கடிதாசி வேலைக்கு ஆகட்டும்னு பெயிண்ட் அடிக்கிறதைத் தள்ளி வச்சேன், பொட்டி நாளைக்கு லோரியில வருது. டிஸ்கெட்டைப் பிளாஸ்டிக்ல சுத்தி, டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். சுவிட்சைப் போட்டுட்டு டிஸ்கெட்டை உள்ள தள்ளு. லோடு ஆக நேரம் எடுக்கும், கறகறன்னு சத்தம் போடும், பயந்துடாதே. ஸ்பீக்கர் தனியா மாட்டணும், உள்ள ஸ்பீக்கர் கிடையாது.

உன் கடிதாசி ரொம்பப் பிரயோஜனமா இருந்துச்சு. பொண்ணோட பெரியப்பா தமிழ் வாத்தியார், எழுந்து நின்னு சத்தமா வாசிச்சாரு. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்னு வந்தப்ப நானே கண்ணைத் துடைச்சுக்கிட்டேன் லா. பொண்ணோட அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இத்தனை வருஷம் பழியைத் தாங்கிக்கிட்டு வாயைத் திறக்கலையே அண்ணே"ன்னாங்க. உன்னைப் பத்தி அவங்க சொன்னதை எழுத வேணாம்னு பாக்குறேன். பெத்தவளுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோன்னாங்க, அவ்வளவுதான்.

ரிஷி என் தோள்ல கை போட்டான். ஆவணி பொறந்துடுச்சு, தட்டு மாத்தியாச்சு. கல்யாணம் நவம்பர் பதினாறு, கிள்ளான்லதான்.

கமல்

பண்டமாரான்
25 ஆகஸ்ட் 2025

கமலநாதன் அவர்களுக்கு,

ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மிச்சம் எங்க?

வள்ளியம்மா வீட்டு கராவோக்கே ஸ்பீக்கரைக் கொண்டாந்து மாட்டினோம். குளிச்சுட்டு, விளக்கேத்தி வச்சுட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். நீங்க சொன்ன மாதிரியே கறகறன்னுச்சு. நடுவுல இருக்குற கட்டையை அழுத்துனேன். "ஆ"ன்னு வந்துச்சு. விரலை எடுக்குற வரைக்கும் "ஆ"தான். அடுத்த கட்டை, அதுவும் "ஆ". ஒரு மூலையில இருந்து அடுத்த மூலை வரைக்கும் ஒண்ணு விடாம அழுத்துனேன். எதுலயும் அம்மா இல்ல.

என் விரல்தான் தப்பா படுதோன்னு நினைச்சேன். டிஸ்கெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். ஒரே கும்பலா நாலஞ்சு கட்டையைச் சேத்து அமுக்கினப்ப வள்ளியம்மா கேட்டா, "ஏன் உஷா, இது கல்யாண வீட்டுல பொண்ணு உள்ள வர்றப்ப கமல் குருப்புல வாசிப்பாங்களே, அந்தக் கோரஸ் மாதிரி இல்ல?"ன்னு. நான் சுவிட்சை அணைச்சுட்டேன்.

வேற டிஸ்கெட்டு இருக்கா? தப்பா மாத்தி அனுப்பிட்டீங்களா? தப்புன்னா கோவிக்க மாட்டேன். சரியானதை மட்டும் அனுப்புங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.

உஷாராணி

பிரிக்பீல்ட்ஸ்
5 செப்டம்பர் 2025

உஷா,

வேற டிஸ்கெட்டு இல்ல. அதுதான், அவ்வளவுதான்.

உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். அந்தப் பொட்டிக்கு மெமரி ரொம்பக் குறைச்சல். இப்ப போன்ல ஒரு போட்டோவுக்கு ஆகுற இடம்கூட அதுல கிடையாது. அதனால அதை வச்சு வேலை செஞ்ச எல்லாருமே வேண்டியதை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டுவோம். அவ சொன்னதுல கடைசியா இருந்த "ஆ" மட்டும் நல்லா திறந்த வாய்ச் சத்தம், சுத்தமா இருந்துச்சு. அதுல ஒரு துண்டைச் சுத்தி சுத்தி ஓடவிட்டா கட்டையில விரல் இருக்குற வரைக்கும் நிக்காது. முன்னால இருந்த "அம்" வாயை மூடுற சத்தம். கோரஸுக்கு ஆகாது. வெட்டிட்டேன்.

எப்பன்னு கேப்பே. காரியம் முடிஞ்ச அடுத்த வாரம். செந்தூல்ல ஒரு கல்யாணத்துக்குக் கோரஸ் கேட்டாங்க, பாட நாலு பொண்ணுங்களுக்கு நான் எங்க போவேன்? அன்னைக்கு நாலு கட்டையைச் சேத்துப் பிடிச்சேன். டேவானே அப்படியே அடங்கிப் போச்சு. தேவலோகத்துல பிள்ளைங்க பாடுற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் அது இல்லாம நான் ஒரு மேடைகூட ஏறினதில்ல. கமல் கோரஸ்னாலே அதுதான்.

நீயும் கேட்டிருக்கே, உஷா. கிள்ளான்ல, ஷா ஆலாம்ல, போர்ட்டுல உன் ஆபீஸ் பொண்ணுங்க கல்யாணத்துல, எத்தனை தடவை நீ கீழ உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறதை மேடையில இருந்து நான் பாத்திருக்கேன் தெரியுமா? அவ மேல இருந்து கத்திக்கிட்டு இருப்பா, நீ ரசத்துக்குக் கையை நீட்டிக்கிட்டு இருப்பே. பெத்தவளுக்கு அடையாளம் தெரியலையேன்னு எனக்கு சிரிப்பா வரும்.

தெரிஞ்சேதான் பேரம் பேசினியான்னு கேட்டா, ஆமா. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டே, டிஸ்கெட் இருக்குன்னேன். முழு வார்த்தை இருக்குன்னு நான் எங்கயும் எழுதல, பழைய கடிதாசியை எடுத்துப் பாரு. அன்னைக்கு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை தடவை அப்பா சொல்லுன்னு கெஞ்சினேன்? சொல்லலையே. சொல்லியிருந்தா வெட்ட மனசு வந்திருக்காதோ என்னமோ.

பொட்டியை நீயே வச்சுக்கோ. கல்யாணத்துக்கு வந்துடாதே. உன் கடிதாசிக்கப்புறம் அந்த வீட்டு ஜனங்க முகத்துல முழிக்க உனக்கும் கஷ்டமா இருக்கும்.

கமல்

பிரிக்பீல்ட்ஸ்
12 அக்டோபர் 2025

உஷா,

ஒரு மாசமா பதில் போடல, சரி, நீ அடங்கிட்டேன்னு நினைச்சேன். நேத்து கிள்ளான் லிட்டில் இந்தியாவுல நீ செஞ்சதுக்கு என்ன பேரு?

தீபாவளி மேடை, ரோடு முழுக்க ஜனம். அந்தக் கோரஸைப் பிடிச்சேன். முன் வரிசையில இருந்து ஒரு பொம்பளை எழுந்திரிக்கிறா. நீன்னு முதல்ல எனக்குத் தெரியல. கையை மேல தூக்கிக்கிட்டு, "இதோ அம்மா இருக்கேன்டா கண்ணு, இங்கதான் இருக்கேன்"னு கத்துறே. ஏதோ பக்திப் பரவசம்னு ஜனங்க சிரிச்சாங்க. நீ உக்காந்தே. அடுத்த சரணத்துக்கு முன்ன மறுபடியும் பிடிச்சேன், மறுபடியும் எழுந்திரிச்சே. மூணாவது தடவை யாரும் சிரிக்கல. பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளை உன்னைப் பிடிச்சு உக்கார வைக்கப் பாத்தா, நீ அவகிட்ட மேடையைக் கையைக் காட்டி, "எம்பொண்ணு கூப்பிடுறா"ன்னே. மைக்குல எனக்குக் கேட்டுச்சு.

நாலாவது தடவை என் கை கட்டை மேல இறங்கல. நானும் இறக்கித்தான் பாத்தேன், போகமாட்டேங்குது. பாடகன் என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்குறான், டிரம்ஸ்காரன் நாலஞ்சு சுத்து சும்மா அடிக்கிறான். பாட்டைப் பாதியிலயே நிறுத்தி, கரண்டு கோளாறுன்னு சொல்லி மேடையை விட்டு இறங்கினேன். இத்தனை வருஷத்துல நான் பாட்டைப் பாதியில நிறுத்தினதே கிடையாது.

யாரோ வீடியோ எடுத்துப் போட்டுட்டாங்க. ரிஷி பாத்துட்டான். "யாருப்பா அந்தம்மா, எந்தப் பொண்ணு கூப்பிடுது?"ன்னு கேக்குறான். நான் தெரியாதுன்னுட்டேன். அந்த டாக்டர் பொண்ணு வேற கல்யாணத்தன்னைக்கு அந்தக் கோரஸ்லதான் மண்டபத்துக்குள்ள நடந்து வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது, அதுக்கு சின்ன வயசுல இருந்து ஆசையாம்.

உனக்கு என்னதான் வேணும்? சொல்லு. லேப்டாப்புல இருந்து அழிச்சுடவா? உன் முன்னாலயே அழிக்கிறேன். இனிமே எந்த மேடையிலயும் அது வராது. கல்யாணத்துல மட்டும் என்னை விட்டுடு. பயந்து போயிருக்கேன் உஷா, ஒளிச்சு என்ன ஆகப் போகுது. கண்ணை மூடினா நீ எழுந்திரிக்கிறதுதான் தெரியுது.

கமல்

பண்டமாரான்
15 அக்டோபர் 2025

கமலநாதா,

அழிக்கிறதா? கை வச்சுப் பாரு. அவளை ஒரு தடவை வெட்டினது போதும்.

நீ சொன்னது நெசந்தான். அவ அத்தனை வருஷமா கூப்பிட்டிருக்கா, நான் ரசம் ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். உன் கடிதாசியைப் படிச்சதுல இருந்து நான் ரசம் தொடல. வள்ளியம்மாகிட்ட சொல்லி அழுதேன். கோயில்ல இப்ப என் பக்கத்துல உக்காந்தவங்க நகர்ந்து உக்காருறாங்க, பிள்ளையைக் கொன்னுட்டுப் பழியைப் புருஷன் மேல போட்டவளாம். நானே எழுதிக் குடுத்தது, யாரைப் போய்க் கேக்குறது? முதல்ல விஷத்தைக் குடிச்சுடலாமான்னுகூட இருந்துச்சு.

அப்புறந்தான் தோணுச்சு. இத்தனை வருஷம் கேக்காமப் போனவ, இனிமேயாச்சும் கேக்கலாமே. பிள்ளை கூப்பிட்டா பதில் சொல்லணும், இல்லையா? அரை வார்த்தைதான் மிச்சம்னாலும் அவ கூப்பிடுறது என்னைத்தான். அதனால இனி நீ எங்க வாசிச்சாலும் வருவேன். அடுத்த வாரம் செந்தூல்ல ஒரு விருந்து, மாசக் கடைசியில ரவாங் கோயில்ல ஒண்ணு, உன் குருப்பு பேஸ்புக்குல எல்லாம் போட்டிருக்கீங்க. எனக்கு இப்ப வேற வேலை இல்ல.

நவம்பர் பதினாறும் வருவேன். அந்தப் பொண்ணு ஆசைப்பட்டபடியே அந்தக் கோரஸை வாசி. சிடி, கிடின்னு போட்டு ஏமாத்தாதே, நீயே வாசிக்கணும். வாசிக்கல, லேப்டாப்புல அழிச்சுட்டேன்னு தெரிஞ்சுச்சு, மைக்கைப் பிடிச்சு எம்பொண்ணு எப்படிச் செத்தான்னு உன் சம்பந்திக்கு முதல்ல இருந்து சொல்லுவேன். உன் கடிதாசியெல்லாம் கையில கொண்டாருவேன். வாசிச்சா அதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன். எழுந்து நின்னு என் பிள்ளைக்குப் பதில் மட்டும் சொல்லுவேன். எந்தப் பொண்ணுன்னு உன் மகன் மறுபடியும் கேப்பான். அவனுக்கு அவ அக்கா. என்ன சொல்லணுமோ நீ சொல்லிக்கோ.

முன் வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை. கட்டையை அழுத்தினதும் விரலை வெடுக்குன்னு எடுத்துடாதே. எனக்கு முட்டி வலி, எழுந்திரிக்க நேரம் ஆகும். நான் நின்னு பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இரு.

தாமரையோட அம்மா